மல்லியையும் பிச்சியையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள்

வாசகர் கேள்வி:
செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற வழியில் எங்கள் வீடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் திருமங்கலத்தில் உள்ள என் அம்மா வீட்டிலிருந்து ஒரு குண்டுமல்லிப் பதியம் கொண்டுவந்தேன். அதே வாரம் என் அத்தை தன் பிறந்த ஊரான தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு பிச்சிப் பதியம் கொண்டுவந்தார்கள். இரண்டையும் பின்பக்கச் சுவரோரம், பலா மரத்துக்கு அருகில், இரண்டடி இடைவெளியில் நட்டோம். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் இரண்டுக்கும்தான் போகிறது. மாதம் ஒரு கை யூரியாவும் போடுகிறோம். தை மாதம் என் வீட்டுக்காரர் இரண்டையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். இப்போது மல்லி இலையாகத் தழைத்து நிற்கிறது, பூ இல்லை. ஆடிச் சாரலில் வந்த கொஞ்ச மொட்டும் ஊதா நிறமாகி உதிர்ந்துவிட்டது. பிச்சியோ பலா மரத்தில் ஏறிவிட்டது, பூ கைக்கு எட்டவில்லை. அந்த இடத்தில் குளியலறை கட்டப் போகிறோம். சுவரோரம் ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கும். அத்தை பிச்சியை வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அம்மா வீட்டு மல்லியை விட மனசில்லை. எதை வைத்துக்கொள்வது?

பதில்:
அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள், அம்மா வீட்டு மல்லியை நீங்கள் இழக்க வேண்டியதில்லை. சுவரோரம் பிச்சி இருக்கட்டும். மல்லி மாடிக்குப் போகட்டும். அத்தையின் மனசுக்காக இப்படிச் சொல்லவில்லை. அந்த இடம் மல்லிக்கு ஏற்ற இடமே இல்லை, மூன்று வருஷமாக அது அங்கே சிரமப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். காலை எட்டு மணி, பதினொரு மணி, மதியம் இரண்டு மணி, மாலை நாலு மணி என்று நான்கு முறை பின்வாசலுக்குப் போய், மல்லியின் மேல் நேர் வெயில் விழுகிறதா, பலாவின் நிழல் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். நான்கில் இரண்டு முறை நிழல் இருந்தால் மல்லி பூக்காததற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம். குண்டுமல்லிக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் நேர் வெயில் வேண்டும். திருமங்கலத்தில் உங்கள் அம்மா வீட்டில் அது வெட்டவெளியில், சுட்டெரிக்கிற வெயிலில் நின்றிருக்கும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியின் மண் அது. அங்கே காய்ந்து காய்ந்து பூத்த செடியைக் கொண்டுவந்து பலா நிழலில் வைத்து, அரிசி களைந்த தண்ணீரும் யூரியாவும் கொடுத்தால் அது இலையைத்தான் வளர்க்கும். பிச்சி அப்படியில்லை. அதற்கும் வெயில் பிடிக்கும் என்றாலும், அரை நாள் வெயில் கிடைத்தாலே ஓரளவு பூத்துவிடும். நிழல் கூடினால் வெளிச்சத்தைத் தேடிக் கொடியை நீட்டும். உங்கள் பிச்சி பலா மரத்தில் ஏறியது அதனால்தான்.

இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள், இரண்டும் வெள்ளைப் பூ, இரண்டையும் ஒரே நாரில் தொடுக்கிறோம். அதனால் வளர்ப்பும் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. இலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். மல்லிக்குக் காம்பில் ஒற்றை இலை, தடித்து, பளபளவென்று இருக்கும். பிச்சியின் ஒரே காம்பில் ஏழெட்டுச் சிற்றிலைகள் எதிரெதிராக அடுக்கியிருக்கும், நுனியில் உள்ளது மட்டும் நீண்டு கூராக இருக்கும். மல்லி புதர், தன் காலில் நிற்கும். பிச்சி பாதி புதர், பாதி கொடி, சாய ஒன்று வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லா வேறுபாடும் வருகிறது.

எல்லைப் பக்கம் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்குப் போய் நாற்றுப்பண்ணையில் செடி வாங்குகிறவர்கள் பெயரில் ஏமாந்துபோகிறார்கள். நாம் குண்டுமல்லி என்பதை மலையாளிகள் முல்லை என்பார்கள், குட்டிமுல்லை என்றும் சொல்வார்கள். நம் முல்லை வேறு, ஊசி மாதிரி மொட்டு உள்ள வேறு செடி அது. பிச்சி மட்டும் அங்கேயும் பிச்சிதான். தமிழ்நாட்டிலேயே வடக்கே போனால் அதே பிச்சிக்கு ஜாதிமல்லி என்று பெயர். ஆகவே யாரிடம் வாங்கினாலும் பெயரைக் கேட்காமல் இலையைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, கத்தரிக்கோலுக்கு வருவோம். உங்கள் வீட்டில் நடந்த பெரிய தவறு தை மாதம் இரண்டையும் ஒரே நாளில், ஒரே உயரத்துக்கு வெட்டியதுதான். இரண்டு செடியிலும் பூ வருவது புதுச் சிம்பில், அதாவது புதிதாக வரும் கிளையில். அதனால் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, இரண்டுக்கும் கட்டாயம். ஆனால் மல்லியை நவம்பர் கடைசியில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடியில் வெட்ட வேண்டும். அப்போதுதான் மாசி, பங்குனியில் சிம்பு முற்றி, கோடை வெயிலோடு பூ வரும். தையில் வெட்டினால் கோடையின் நல்ல பகுதியைச் செடி தழைப்பதிலேயே கழித்துவிடும். பூக்கிற நேரத்தில் உங்கள் ஊரில் சாரல் இறங்கிவிடும். பிச்சிக்கு டிசம்பர் கடைசிதான் கணக்கு, உயரம் இரண்டரை அடியிலிருந்து மூன்றடி. அதை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்தால் தூரிலிருந்து நீர்த்த கொடிகள் சாட்டை மாதிரி கிளம்பும். பத்தடி போன பிறகுதான் பூ. உங்களுக்கு நடந்தது அதுவேதான்.

மல்லிக்கு நவம்பர் கடைசி என்பது பொதுவான கணக்கு. உங்கள் ஊருக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மதுரையில் பெரிய மழை ஒன்றுதான். உங்களுக்கு ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி வரும் சாரல், அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. நான் தோட்டக்கலை வேலைக்கு வந்த புதிதில், கடையநல்லூர் பக்கம் ஒரு விவசாயியிடம் தேதியைப் பார்த்து, நவம்பர் கடைசி வாரம், நல்ல மழைக்கு நடுவில் மல்லியை வெட்டச் சொல்லிவிட்டேன். வெட்டுவாய் ஆறவே இல்லை. நுனியிலிருந்து கறுத்து, விரற்கடை விரற்கடையாகக் கீழே இறங்கிக் காய்ந்துகொண்டே வந்தது. பாதிச் செடி போய்விட்டது. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து மலையோரத்துக்காரர்களுக்கு நான் சொல்வது இது: மழை விட்டு நான்கைந்து நாள் வெயில் அடித்து, தூரைச் சுற்றிய மண் கையில் பிசைந்தால் ஒட்டாமல் உதிரும்போது வெட்டுங்கள். அது டிசம்பர் பாதி ஆனாலும் பரவாயில்லை. பென்சில் பருமனுக்கு மேல் உள்ள வெட்டுவாய்களில் போர்டோ பசையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசை) தடவிவிடுங்கள். பிச்சியை வெட்டும் டிசம்பர் கடைசியில் மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், அங்கே இந்தக் கவலை குறைவு.

தண்ணீரையும் உரத்தையும் பற்றி. மல்லி ஒரு கட்டத்தில் பட்டினி கிடக்க வேண்டும். வெட்டுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். செடி கொஞ்சம் வாடி, பழைய இலைகள் மஞ்சளாகிக் கொட்டட்டும். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனாலும் நிறுத்துங்கள். வெட்டிய பிறகு மீதி இலையையும் உருவிவிட்டு, தூரைச் சுற்றிக் கொத்தி, ஒரு கூடை மக்கிய தொழு உரம், அதாவது 10 கிலோ அளவு போட்டுத் தண்ணீர் விட்டால் ஒரே சீராகத் துளிர்க்கும். பிச்சியை இந்த அளவு காயப்போட வேண்டாம். ஈரம் சீராக இருந்தால் போதும், தேங்கக் கூடாது.

ரசாயன உரத்தில் வயல் அளவு, ஒரு செடிக்கு ஒரு வருஷத்துக்கு மல்லி என்றால் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120. பிச்சிக்கு 100, 150, 100. மல்லிக்குத் தழைச்சத்து மற்ற இரண்டில் பாதிதான் என்பதைக் கவனியுங்கள். மாதம் ஒரு கை யூரியா என்று நீங்கள் போட்டது இந்த விகிதத்தையே தலைகீழாக்கிவிட்டது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இல்லாமல் தழைச்சத்து மட்டும் போனால் பூவுக்குப் பதில் இலைதான். 60 கிராம் தழைச்சத்து என்பது சுமார் 130 கிராம் யூரியா. 120 மணிச்சத்துக்கு 750 கிராம் சூப்பர் பாஸ்பேட், 120 சாம்பல்சத்துக்கு 200 கிராம் பொட்டாஷ். தொழு உரம் போடுகிற வீட்டுச் செடிக்கு இதில் பாதி போதும். அந்தப் பாதியையும் இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் ஒரு பங்கு, ஜூன், ஜூலையில் ஒரு பங்கு கொடுங்கள். யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள், அடுத்த கவாத்து வரை இரண்டு செடிக்குமே வேண்டாம். அரிசி களைந்த தண்ணீர் கெடுதல் செய்யாது. சோப்பும் பாத்திரம் தேய்க்கிற பவுடரும் கலந்த தண்ணீரை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

இனி அந்த ஊதா மொட்டுகள். பலர் சாரல்தான் காரணம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு மொட்டை எடுத்து, பிளேடால் நெடுக்காகப் பிளந்து, வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள். மொட்டின் அடிப்பாகம் வழக்கத்தை விட உப்பி இருக்கும், அங்கிருந்துதான் ஊதா நிறம் ஏறியிருக்கும். உள்ளே கடுகை விடச் சிறிய, வெண்மையும் மஞ்சளுமான புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. கொசுவைப் போன்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஈ அது. இளம் மொட்டில் முட்டையிடும், புழு உள்ளேயே தின்று வளர்ந்து, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். மொட்டில் ஓட்டை விழுந்து, பக்கத்து மொட்டோடு நூலாம்படை மாதிரி பின்னியிருந்தால் அது வேறு, மொட்டுப்புழு. இரண்டையும் குழப்பிக்கொண்டு மருந்து அடித்தால் காசுதான் வீண். பிளந்து பார்க்காமல் எந்த மருந்தும் வாங்காதீர்கள்.

மொட்டு ஈக்கு வீட்டில் மருந்தை விடக் கைதான் பெரிது. ஊதா மொட்டுகளை, உதிர்ந்ததையும் செடியில் இருப்பதையும், தினமும் பொறுக்கிக் கொதிநீரில் போடுங்கள். குப்பையில் கொட்டினால் அங்கிருந்தே ஈ திரும்ப வரும். வாரம் ஒரு முறை தூரைச் சுற்றி இரண்டு அங்குல ஆழம் மண்ணைக் கிளறி வெயில் படவிட்டு, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு போடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில், மொட்டு மிளகு அளவு இருக்கும்போதே தெளிக்கலாம். மொட்டு பெருத்த பிறகு தெளித்துப் பயனில்லை, புழு உள்ளே போயிருக்கும்.

பிச்சியின் பூக்காலமே வேறு. மல்லிக்குப் பங்குனி, சித்திரை, வைகாசி. பிச்சி ஆனியில் தொடங்கி ஐப்பசி, கார்த்திகை வரை போகும். மழைமூட்டத்தில் பொழுது தெரியாத கூதிர்காலத்தில், பித்திகம், அதாவது பிச்சி மொட்டு அவிழ்ந்து மணப்பதை வைத்துத்தான் பெண்கள் அந்திப்பொழுது வந்ததை அறிந்து விளக்கேற்றினார்கள் என்று நெடுநல்வாடை சொல்கிறது. இரண்டு மழை பெய்கிற உங்கள் ஊருக்கு இதை விடப் பொருத்தமான பூச்செடி எது? ஆவணியில் ஓணத்துக்குத் தோவாளைச் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் பூ ஏறும்போது உள்ளூரில் விலை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நாளில் வீட்டுச் சுவரோரத்துப் பிச்சி ஒரு முழமாவது கொடுக்கும்.

ஆனால் அதைப் பலாவிலிருந்து இறக்கியாக வேண்டும். இப்போது பூத்துக்கொண்டிருக்கிறது, ஆகவே வெட்டாதீர்கள். மரத்தில் சுற்றிய கொடிகளை மெதுவாகப் பிரித்து, சுவரோரம் ஐந்தடி உயரத்தில் இரண்டு கம்பு நட்டு நைலான் கயிறு கட்டி, கொடிகளைப் படுக்கைவாட்டில் அதில் கிடத்திக் கட்டுங்கள். நேராக மேலே போகும் கொடி நுனியில்தான் பூக்கும். படுக்கவைத்த கொடி ஒவ்வொரு கணுவிலும் பக்கச்சிம்பு விடும், பூவும் அந்த அளவுக்குக் கூடும், கைக்கும் எட்டும். டிசம்பர் கடைசியில் மூன்றடிக்கு வெட்டிவிட்டு, புதிதாக வரும் தண்டுகளையும் அதே கயிற்றில் ஏற்றுங்கள். பலாவின் சுவர்ப்பக்கத்துக் கிளைகள் இரண்டைக் கழித்துவிட்டால் இன்னும் நல்லது. கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று உங்கள் பக்கம் மேற்கிலிருந்துதான் அடிக்கும். குளியலறையைப் பிச்சிக்கு மேற்கே வருமாறு அமைக்க முடிந்தால் அதுவே காற்றுக்கு மறைப்பாகிவிடும். கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள்.

கட்டட வேலையில் இன்னொன்றையும் கவனியுங்கள். கலவை குழைத்த மிச்சம், பூச்சு வேலையில் உதிர்ந்த சிமெண்ட், சுண்ணாம்பு எல்லாம் செடியின் தூரில் விழுந்தால் மண் காரத்தன்மை ஏறிப்போகும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். வேலை தொடங்கும் முன்பே பிச்சியின் தூரைச் சுற்றி மூன்றடிக்குச் சாக்கையோ தார்ப்பாயையோ விரித்துவிடுங்கள். அதையும் மீறி மஞ்சளானால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, பச்சை திரும்பும் வரை மாதம் ஒரு முறை இலையில் தெளியுங்கள். முதிர்ந்த இலை மட்டும் மஞ்சளானால் பயப்பட வேண்டாம், அது வேறு. கீழிலையும் மேலிலையும் சேர்ந்து மஞ்சளாகி, செடி துவண்டு, வேரைத் தோண்டினால் அழுகல் நாற்றம் வந்தால் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். ஐப்பசிக்கு முன் தூரில் மண் அணைத்து மேடாக்கிவிடுங்கள்.

இப்போது அம்மா வீட்டு மல்லி. மூன்று வருஷத்துச் செடியைத் தோண்டி எடுத்து வைக்கலாம், சில நேரம் பிழைக்கும். உங்களுக்கு அது வெறும் செடி இல்லை என்பதால் அந்தத் துணிச்சலை நான் சொல்ல மாட்டேன். ஆவணி பதியம் போட நல்ல மாதம். தூருக்குப் பக்கத்தில், ஒரு வருஷத்துக் கிளை, பச்சையும் பழுப்புமாக, பென்சிலை விடச் சற்று மெலிந்து வளையக்கூடியதாக இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்தெடுங்கள். கணுவுக்குக் கீழே சாய்வாக, கிளையின் பாதி ஆழத்துக்கு ஓர் அங்குல நீளம் கீறி, கீறல் மூடாமல் ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகி, அந்த இடத்தை அரையடி ஆழத்தில் மண்ணில் புதையுங்கள். நுனி வெளியே தெரிய வேண்டும். மேலே ஒரு செங்கல். மல்லி விதையில் வருகிற செடி அல்ல, பதியத்திலும் குச்சியிலும்தான் பெருகும். ஆகவே வேர் விட்டு வருவது உங்கள் அம்மா வீட்டு மல்லியேதான், வாசனைகூட மாறாது.

மூன்று நான்கு மாதத்தில், மார்கழி வாக்கில் வேர் பிடித்திருக்கும். தாய்ச்செடியிலிருந்து வெட்டி, 15 அங்குலத் தொட்டியில் செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் சமமாகக் கலந்து நட்டு, மொட்டை மாடியில் வையுங்கள். புதர்ச்செடி என்பதால் மல்லி தொட்டிக்குள் அடங்கும். பிச்சியைத் தொட்டியில் வைத்தால் வருஷம் முழுக்க அதன் கொடியோடு மல்லுக்கட்ட வேண்டும். அதனால்தான் இதை மாடிக்கும் அதைச் சுவருக்கும் பிரித்தேன். மாடியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வெயில் கிடைக்கும். முதல் கோடையில் வரும் சில மொட்டுகளைக் கிள்ளிவிட்டு நுனியையும் நறுக்குங்கள், அடுத்த வருஷம் புதர் கட்டிப் பூக்கும். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் ஓட்டுச்சில்லு போடுங்கள். கோடையில் தினம் ஒரு வேளைத் தண்ணீர், சாரல் நாளில் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு மட்டும்.

பதியம் வேர் பிடிக்கும் வரை தாய்ச்செடி அங்கேயே இருக்க வேண்டும். ஆகவே குளியலறைக்கு அஸ்திவாரம் தோண்டுவதைத் தைக்குத் தள்ளிப்போட முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். எப்படியும் ஐப்பசி மழையில் தோண்டிய குழி நிற்காது. அதுவரை அந்தச் செங்கல்லை யாரும் துணி துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுக்க எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.